கோவையில் ஒரு கருத்தரிப்பு மையம்: இன்னும் பலன் கிட்டாத ஒருவரின் மதிப்புரை

கருத்தரிப்பு மையங்களைப் பற்றி நாம் படிக்கும் மதிப்புரைகளில் பெரும்பாலானவை குழந்தை பிறந்த மகிழ்ச்சியில் எழுதப்பட்டவை. சிகிச்சை கைகூடாதவர்கள் எதையும் எழுதாமல் ஒதுங்கிவிடுகிறார்கள். கோவையில் நானும் என் மனைவியும் 2024 பிப்ரவரி முதல் சென்றுவரும் ஒரு மையத்தைப் பற்றி எழுத நினைத்ததற்கு இதுவே முதற்காரணம். எங்களுக்கு இன்னும் குழந்தை இல்லை; முதல் முறை வைத்த கரு தங்கவில்லை. இருந்தும் அந்த மையத்தை நான் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். எங்கள் அந்தரங்கம் கருதி அதன் பெயரை இங்கே சொல்லவில்லை. ஆனால் வேறு எந்த மையத்துக்குப் போகிறவர்களும் ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுக்கு விவரங்களைத் தந்திருக்கிறேன்.

எங்களுக்குத் திருமணமானது 2019இல். எனக்கு இப்போது 37 வயது, மனைவிக்கு 32. நான் ஒரு ஃபவுண்டரியில் உலைக்கு அருகே மேற்பார்வை செய்யும் வேலையில் இருந்தேன். இந்த மையத்துக்கு வருவதற்கு முன்பு இரண்டரை ஆண்டுகள் வேறொரு மருத்துவமனையில் சிகிச்சை பெற்றோம். பெற்றோம் என்று சொல்வது தவறு. பெற்றவர் என் மனைவி மட்டுமே. சினைப்பையில் நீர்க்கட்டிகள் இருப்பதாகச் சொல்லி, மாதந்தோறும் லெட்ரோசோல் மாத்திரையும், முட்டை வளர்ச்சியைப் பார்க்க நாள் தவறாமல் ஸ்கேனும், இடையில் வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராவால் பார்க்கும் ஒரு லேப்ராஸ்கோப்பியும் அவருக்குச் செய்யப்பட்டன. நீர்க்கட்டிப் பிரச்சினையால் முட்டை வெளிவராத பெண்களுக்கு லெட்ரோசோல் இன்று உலகெங்கும் முதலில் தரப்படும் மருந்து என்பதால், அந்த மாத்திரையை நான் குறை சொல்ல மாட்டேன். என் விந்தைப் பரிசோதிக்காமலேயே அதை ஏழெட்டு மாதங்கள் தொடர்ந்து கொடுத்ததுதான் குறை. பிறகு ஒரு நாள் பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள். எனக்கென்ன குறை இருக்கப்போகிறது என்ற எண்ணத்தில் நானும் மாதக்கணக்கில் தள்ளிப்போட்டேன். அந்தக் காலத்தில் என் மனைவி விழுங்கிய ஒவ்வொரு மாத்திரைக்கும், உறவினர் வீட்டு விசேஷங்களில் அவர் கேட்க நேர்ந்த ஒவ்வொரு சொல்லுக்கும் எனக்கும் பங்கு உண்டு. எங்களுக்காக அம்மா திருக்கருகாவூர் சென்று கர்ப்பரட்சாம்பிகை சந்நிதியில் நெய் வாங்கி வந்தார். அந்த நெய்யைக் கணவன், மனைவி இருவருமே உண்ண வேண்டும் என்பது வழக்கம். கோயிலில் இருவரையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். மருத்துவமனையில் ஒருவரை மட்டும் பார்த்தார்கள்.

புதிய மையத்தில் பதிவு மேசையிலேயே அந்த வேறுபாட்டை உணர்ந்தோம். மனைவி பெயரில் ஒரு கோப்பும் என் பெயரில் ஒரு கோப்புமாக இரண்டு கோப்புகளைத் திறந்தார்கள். மருத்துவர் முதலில் என்னிடம்தான் கேள்விகளைத் தொடங்கினார். சிறுவயதில் விரை இறங்காமல் இருந்ததா, குடலிறக்க அறுவை நடந்ததா, பருவ வயதுக்குப் பிறகு பொன்னுக்கு வீங்கி வந்ததா, கடந்த மூன்று மாதங்களில் கடுமையான காய்ச்சல் இருந்ததா, புகையிலை, மது உண்டா, வேலை செய்யும் இடத்தில் வெப்பம் எவ்வளவு என்று வரிசையாகக் கேட்டார். உடற்பயிற்சிக் கூடங்களில் தசை வளர்ச்சிக்காகப் போடும் டெஸ்டோஸ்டிரோன் ஊசியைப் பற்றியும் கேட்டார். ஆண்மைக்கான ஹார்மோன் என்பதால் அது விந்தணுவைப் பெருக்கும் என்று பல இளைஞர்கள் நம்புகிறார்கள். உண்மையில் வெளியிலிருந்து அந்த ஹார்மோன் உடலுக்குள் வரும்போது, விரைகளுக்கு மூளையிலிருந்து செல்லும் கட்டளை நின்றுபோய் விந்தணு உற்பத்தியே வற்றிவிடக்கூடும். இதை அவர் விளக்கியபோது என்னுடன் வேலை செய்யும் இரண்டு பேர் நினைவுக்கு வந்தார்கள். மறுநாளே அவர்களிடம் சொன்னேன்.

“ரெண்டு பேரோட ரிப்போர்ட்டும் வந்த பிறகுதாங்க நான் மாத்திரையே எழுதுவேன்” என்று அவர் சொன்னபோது என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

விந்துப் பரிசோதனைக்கு இந்த மையத்தில் தனி அறை உண்டு. உள்ளே தாழிடலாம், அறைக்குள்ளேயே கழிப்பறை, மாதிரியைக் கொடுக்கும் சிறு சன்னல் நேராக ஆய்வகத்துக்குள் திறக்கிறது. பொதுக் கழிப்பறையைக் கைகாட்டிவிடும் இடங்களும் இருப்பதால் இதைக் குறிப்பிட்டுச் சொல்கிறேன்; ஆண்கள் இந்தப் பரிசோதனையைத் தவிர்ப்பதற்குக் கூச்சம் ஒரு பெரிய காரணம். உறவு இல்லாமல் 2 முதல் 7 நாட்கள் இருந்த பிறகே மாதிரி தர வேண்டும், ஒரு துளி சிந்தினாலும் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று தமிழில் அச்சிட்ட தாளையும் தந்தார்கள்.

என் அறிக்கையில் ஒரு மில்லிலிட்டருக்கு 50 லட்சம் விந்தணுக்கள் இருந்தன. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட ஆய்வகக் கையேட்டின்படி கீழ் எல்லை 1 கோடியே 60 லட்சம். முன்னோக்கி நீந்துபவை 30 சதவீதமும், இயல்பான வடிவம் கொண்டவை 4 சதவீதமும் இருந்தால் போதும். அந்த எண்களின் பொருளை மருத்துவர் விளக்கிய விதம் எனக்கு மிகவும் ஆறுதலாக இருந்தது. ஓராண்டுக்குள் மனைவி கருவுற்ற ஆண்களை எடுத்துக்கொண்டு, அவர்களில் கடைசி 5 சதவீதத்தினர் எந்த அளவுக்குக் கீழே இருக்கிறார்களோ அதையே எல்லையாக வைத்திருக்கிறார்கள். ஆகவே எல்லைக்குக் கீழே இருப்பவருக்குக் குழந்தை பிறக்கவே பிறக்காது என்றோ, மேலே இருப்பவருக்குக் கட்டாயம் பிறக்கும் என்றோ பொருளில்லை. ஒரே அறிக்கையை வைத்து முடிவெடுக்காமல் சில வாரங்கள் கழித்து மீண்டும் பரிசோதித்தார்கள்; ஹார்மோன் அளவுகளையும் பார்த்தார்கள். உடல் பரிசோதனையில் இடப்பக்கம் வெரிகோசீல் இருப்பது தெரிந்தது. விரைப்பையில் உள்ள சிரைகள் புடைத்து, இரத்தம் தேங்கி, விரைகளின் வெப்பத்தை உயர்த்தும் நிலை இது. ஆண்களில் ஏறத்தாழ 15 சதவீதத்தினருக்கு இது உண்டு. குழந்தைப்பேறு தள்ளிப்போகும் ஆண்களை மட்டும் எடுத்தால் 35 முதல் 40 சதவீதம். எல்லோருக்கும் அறுவை தேவையில்லை. கையால் தொட்டு உணரும் அளவுக்கு அது பெரிதாக இருந்து, எண்ணிக்கையும் குறைந்திருந்ததால் எனக்குத் தேவைப்பட்டது.

இந்த மையத்தின் மீது எனக்கு நம்பிக்கை வந்தது இந்தக் கட்டத்தில்தான். 50 லட்சம் என்ற எண்ணைக் காட்டி, விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் இக்ஸியை உடனே செய்துவிடலாம் என்று சொல்லியிருந்தால் நாங்கள் மறுபேச்சின்றிக் கையெழுத்துப் போட்டிருப்போம். அவர்களோ அறுவைக்கு வேறு மருத்துவமனையில் உள்ள சிறுநீரகவியல் மருத்துவரிடம் எங்களை அனுப்பினார்கள். விந்தணு ஒன்று உருவாகி முதிர்வதற்கு இரண்டரை மாதங்களுக்கு மேல் ஆவதால், குறைந்தது மூன்று மாதம் கழித்தே பலன் தெரியும் என்று காத்திருக்கச் சொன்னார்கள். மனைவிக்கு வயது இருக்கிறது, சினைப்பையின் இருப்பைக் காட்டும் ஏஎம்ஹெச் அளவும் நன்றாக இருக்கிறது, அதனால் காத்திருக்கலாம். 38 வயதாகியிருந்தால் இதையே வேறு மாதிரி சொல்லியிருப்பேன் என்றார் மருத்துவர். நான் நிர்வாகத்திடம் கேட்டு உலைப் பகுதியிலிருந்து அனுப்புகைப் பிரிவுக்கு மாறிக்கொண்டேன். 2024 அக்டோபரில் எண்ணிக்கை 1 கோடியே 10 லட்சமானது.

மனைவியின் பக்கம் கண்டறிந்தவை அதிகமில்லை. தைராய்டு சுரப்பு சற்றுக் குறைந்திருந்தது. அதற்கு மாத்திரை தொடங்கினார்கள். கருக்குழாய்கள் திறந்திருக்கின்றனவா என்று பார்க்கும் ஹெச்எஸ்ஜி எக்ஸ்ரேயில் அடைப்பு இல்லை. நம் நாட்டில் கருக்குழாய் அடைப்புக்கு, இருமலோ காய்ச்சலோ இல்லாமல் அடிவயிற்றில் மறைந்திருக்கும் காசநோய் ஒரு முக்கியக் காரணம் என்பதையும், மாதவிடாயின்போது தாங்க முடியாத வலி இருந்தால் அதைச் சகித்துக்கொள்ளாமல் கருப்பையின் உட்சுவரைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் உள்ளதா என்று பார்க்க வேண்டும் என்பதையும் அங்கே ஆலோசகர் நடத்தும் வாராந்திரக் கூட்டத்தில்தான் நாங்கள் அறிந்தோம். ஓராண்டு முயன்றும் கருத்தரிக்காவிட்டால் இருவரும் பரிசோதனைக்கு வர வேண்டும், பெண்ணுக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதமே போதும் என்று அவர் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிறார். குறை என்னிடம் இருப்பதை வீட்டில் வெளிப்படையாகச் சொல்லும்படி எனக்குத் துணிவூட்டியவரும் அவரே. அம்மாவிடம் சொன்னேன். அன்று மாலை அம்மா என் மனைவியின் அருகில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

கழுவித் தேர்ந்த விந்தணுக்களைக் கருப்பைக்குள் செலுத்தும் ஐயூஐ முறையை இரண்டு மாதங்கள் செய்தோம், பலனில்லை. அடுத்து, 2025 ஜூனில் இக்ஸி. ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஒரே ஒரு விந்தணுவை நுண்ணூசியால் செலுத்தும் இம்முறையில் முதல் குழந்தைகள் 1992இல் பெல்ஜியத்தின் பிரசெல்ஸ் நகரில் பிறந்தன. எண்ணிக்கை மிகக் குறைந்த ஆண்களுக்கு அதற்கு முன்பு தானமாகக் கிடைக்கும் விந்தைத் தவிர வேறு வழி அநேகமாக இல்லை. மனைவிக்குப் பத்து நாட்கள் ஊசி. நீர்க்கட்டி உள்ள பெண்களுக்கு ஊசி மருந்தால் சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு, வயிற்றில் நீர் கோத்து ஆபத்தாகக்கூடும் என்பதால், மருந்தளவைக் குறைத்தும், முட்டை முதிர்வதற்கான கடைசி ஊசியை மாற்றியும், உருவான கருக்கள் அனைத்தையும் உறையவைத்தும் எச்சரிக்கையாகச் செய்தார்கள். எடுத்த முட்டைகள் 11, முதிர்ந்தவை 8, கருவுற்றவை 6, ஐந்தாம் நாள் வரை வளர்ந்தவை 3. ஆய்வகத்தின் கருவியல் வல்லுநரே நேரில் வந்து ஒவ்வொரு நாளும் என்ன நடந்தது என்று படத்துடன் சொன்னார். மாதிரிகள் மாறிவிடாதபடி ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு பேர் பெயரைச் சரிபார்த்துக் கையெழுத்திடுவதையும் எங்களுக்குக் காட்டினார்கள்.

இரட்டைக் குழந்தை பிறந்தால் ஒரே செலவில் முடிந்துவிடுமே என்று உறவினர் சிலர் சொன்னார்கள். இரட்டைக் கர்ப்பத்தில் குறைப்பிரசவமும் தாய்க்கு ரத்தக் கொதிப்பும் கூடுதல் என்பதால் ஒரு கருவை மட்டுமே வைப்போம் என்பதில் மருத்துவர் உறுதியாக இருந்தார். ஆகஸ்டில் வைத்தார்கள். பதினான்காம் நாள் ரத்தப் பரிசோதனையில் இல்லை என்று வந்தது.

அதற்குப் பிறகு நடந்த சந்திப்பை இந்த மதிப்புரையின் மையமாகவே கருதுகிறேன். தோல்வியால் மனம் உடைந்து வருபவர்களிடம் எதையும் விற்கலாம். நாங்களே அலைபேசியில் தேடி, கருப்பை உட்சுவரைச் சுரண்டிவிடுவது, இன்ட்ராலிபிட் என்ற கொழுப்புக் கரைசலை இரத்தக் குழாயில் ஏற்றுவது என்று ஒரு பட்டியலைக் கொண்டுபோயிருந்தோம். மருத்துவர் அந்தப் பட்டியலை முழுவதும் படித்தார். பிரிட்டனில் கருத்தரிப்புச் சிகிச்சையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு இத்தகைய கூடுதல் சிகிச்சைகளை ஆதாரத்தின் வலுவுக்கேற்பத் தரம் பிரித்து வெளியிடுவதை எங்களுக்குக் காட்டி, எங்கள் நிலைக்கு இவற்றில் எதுவும் குழந்தை பிறக்கும் வாய்ப்பைக் கூட்டும் என்று நிறுவப்படவில்லை என்றார். எங்கள் வயதில் கரு வைத்துக்கொண்ட மூவரில் ஏறத்தாழ ஒருவருக்குத்தான் அங்கே ஒரே முறையில் குழந்தை பிறந்திருக்கிறது என்று தங்கள் பதிவேட்டை வைத்துச் சொன்னார். எழுபது, எண்பது சதவீதம் என்று பதாகை வைக்கும் மையங்களிடம், அது பரிசோதனையில் கர்ப்பம் உறுதியான கணக்கா, குழந்தை பிறந்த கணக்கா, எந்த வயதுப் பெண்களுக்கு உரியது என்று கட்டாயம் கேட்க வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை, இக்ஸிக்கும் மருந்துக்கும் உறையவைப்பதற்குமாக எங்களுக்கு 2 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய் ஆனது. முதலில் எழுதித் தந்த மதிப்பீட்டைவிட 8 ஆயிரம் மட்டுமே கூடுதல். எங்கள் மருத்துவக் காப்பீடு இதில் ஒரு ரூபாயும் தரவில்லை. சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் செயற்கைக் கருத்தரிப்பு மையம் திறக்கப்பட்டிருப்பது நல்ல தொடக்கம். மேற்கு மாவட்டங்களில் உள்ள தொழிலாளர் குடும்பங்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும்.

குறைகளும் உண்டு. திங்கட்கிழமைகளில் முன்பதிவு இருந்தும் மூன்று மணி நேரம் காத்திருக்க நேர்கிறது. ஒப்புதல் படிவங்கள் பதினான்கு பக்கமும் ஆங்கிலத்திலேயே உள்ளன. செவிலியர் பொறுமையாகத் தமிழில் சொல்கிறார் என்றாலும், உறையவைத்த கருக்களை என்ன செய்வது என்பது போன்ற முடிவுகளைத் தாய்மொழியில் படித்துக் கையெழுத்திடும் உரிமை எல்லோருக்கும் வேண்டும். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த கருத்தரிப்புத் தொழில்நுட்பச் சட்டத்தின்படி பெற்ற பதிவுச் சான்றிதழை வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார்கள். அந்தச் சட்டம் வலியுறுத்தும் குறைதீர்ப்புப் பிரிவை யாரிடம் அணுகுவது என்பது மட்டும் எங்கும் எழுதப்படவில்லை. எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது, கர்ப்பிணிகளுக்கான ஸ்கேனும் பரிசோதனை முடிவுக்கான காத்திருப்பும் ஒரே கூடத்தில் நடப்பது. ஆகஸ்டில் அந்த முடிவைக் கேட்டுவிட்டு வெளியே வந்த என் மனைவி, ஏழு மாத வயிற்றோடு இருந்த ஒரு பெண்ணுக்கு எதிரே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். இதை எழுத்தில் புகாராகக் கொடுத்திருக்கிறேன். மேல்தளத்தில் தனிக் கூடம் அமைப்பதாகப் பதில் வந்திருக்கிறது.

இன்னும் இரண்டு கருக்கள் உறைநிலையில் உள்ளன. அடுத்த மாதவிடாய் தொடங்கியதும் இரண்டாவது கருவை வைக்க நாள் குறிப்பார்கள். ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். குறைத்த அந்த ஒன்று காத்திருப்புக் கூடத்துக்காக.