கல்யாணமில்லாத மார்கழியில் ஒரு கரீபியன் கப்பல்

ஈரோட்டில் 31 வருடமாகக் கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். மார்கழியிலும் ஆடியிலும் மட்டும்தான் முகூர்த்தம் இருக்காது, எங்கள் அடுப்புக்கும் ஓய்வு கிடைக்கும். போன மார்கழியில் மகள் வீட்டுக்கு, அமெரிக்காவில் ஆர்லாண்டோவுக்கு, நானும் என் மனைவியும் போயிருந்தோம். அங்கே போன பிறகுதான் மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னார்: "மாமா, ஒரு வாரம் கப்பல்ல போலாங்களா? கரீபியன் பக்கம்."

எனக்குத் துளியும் இஷ்டமில்லை. மூவாயிரம் பேரை ஒரே கட்டடத்தில் வைத்து மூன்று வேளையும் சோறு போட்டு, ராத்திரி பாட்டுக் கச்சேரி வைத்தால் அது கல்யாண மண்டபம். அதைத் தண்ணீரில் மிதக்கவிட்டால் கப்பல். மண்டபத்திலேயே வாழ்கிற எனக்கு அதில் பார்க்க என்ன இருக்கிறது? காசு வேறு. ஊர் பார்ப்பதென்றால் காரில் போய் இறங்கி, அந்த ஊர்க் கடையில் டீ குடித்துப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். மகள் கேட்ட ஒரே காரணத்துக்காகத்தான் சரி என்றேன்.

மாப்பிள்ளை முதலில் ஆடியில்தான் போகலாம் என்று நினைத்தாராம், அப்போது டிக்கெட் நன்றாக மலிவு. மலிவுக்குக் காரணம் இருக்கிறது. அங்கே ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் பருவம். புயல் வந்தால் கப்பல் பாதையை மாற்றிக்கொள்ளும், நாம் ஆசைப்பட்ட ஊர் கைவிட்டுப் போகும். அதனால் கிறிஸ்துமஸ், புத்தாண்டுக் கூட்டம் வடிந்த ஜனவரி முதல் வாரத்தைப் பிடித்தோம். விலையும் இறங்கியிருந்தது, நானும் தை முதல் முகூர்த்தத்துக்கு ஊர் திரும்பிவிடலாம்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பால்கனி வைத்த அறை, இரண்டு பேருக்கு ஏழு இரவு, வரியோடு 2,300 டாலர். இதைத்தான் விளம்பரத்தில் காட்டுவார்கள். டிப்ஸ் என்று ஆளுக்கு ஒரு நாளைக்கு 18 டாலர் தானாகவே கணக்கில் ஏறிவிடும், எங்கள் இரண்டு பேருக்கு 252 ஆனது. இன்டர்நெட் வேண்டுமென்றால் ஒரு போனுக்கு ஒரு நாளைக்கு 20 டாலர். தண்ணீர், சாதா டீ, காபி, எலுமிச்சை ஜூஸ் இலவசம், மற்ற குடிப்பவை எல்லாம் காசு. மது பேக்கேஜ் ஒன்று விற்பார்கள். அறையில் ஒருவர் எடுத்தால் அதே அறையில் இருக்கிற இன்னொரு பெரியவரும் எடுத்தாக வேண்டும் என்பது எங்கள் கப்பலில் விதி. நாங்கள் யாரும் குடிக்காததால் அந்தப் பக்கமே போகவில்லை. விசா விஷயத்தில் ஒன்று: அமெரிக்க விசா பலமுறை நுழைய அனுமதிப்பதாக இருக்க வேண்டும். கப்பல் ஏறினால் நாட்டைவிட்டு வெளியே போய்த் திரும்ப உள்ளே வருகிறோம் அல்லவா?

ஆர்லாண்டோவிலிருந்து மயாமி துறைமுகத்துக்குக் காரில் நான்கு மணி நேரம். பெட்டியை எக்ஸ்ரேயில் விட்டபோதே ஒரு சிக்கல். என் மனைவி யாரிடமும் சொல்லாமல் சின்ன ரைஸ் குக்கர் ஒன்றைச் சேலைக்குள் சுற்றி வைத்திருந்தாள். சூடாக்கிச் சமைக்கிற மின்சாமான் எதையும் கப்பலில் விடுவதில்லை, தீப்பிடிக்கும் பயம். ரசீது கொடுத்து எடுத்து வைத்துக்கொண்டார்கள். அவளுக்கு முகம் வாடிவிட்டது. பருப்புப்பொடி, ஊறுகாய், சுக்கு இவற்றுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. போகிறவர்கள் இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன்பே ஆபத்துப் பயிற்சி. எந்தத் தளத்தில், எந்தப் படகுக்குக் கீழே நிற்க வேண்டும், உயிர்க்கவசத்தை எப்படி மாட்ட வேண்டும் என்று காட்டினார்கள். 2012-இல் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா என்ற கப்பல் கவிழ்ந்து 32 பேர் இறந்த பிறகு, கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ இதை நடத்தியே தீர வேண்டும் என்று சர்வதேச விதி வந்துவிட்டது. நிறையப் பேர் அசட்டையாகப் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பேரனை முன்னால் நிறுத்தி முழுவதையும் கேட்க வைத்தேன்.

திங்கட்கிழமை பகாமாஸில் கப்பல் நிறுவனத்துக்கே சொந்தமான ஒரு தீவு. மணல், ஊஞ்சல், நீச்சல்குளம். குழந்தைகளுக்கு நல்ல இடம்.

செவ்வாய் முழுக்கக் கடல். அன்றுதான் என் மனசு மாறத் தொடங்கியது, காரணம் சமையலறை. ஆளுக்கு 30 டாலர் கட்டினால் உள்ளே கூட்டிப் போய்க் காட்டுகிறார்கள். நான் இரண்டாவது பேச்சுப் பேசாமல் கட்டினேன். உள்ளே எங்கும் நெருப்பே இல்லை! எல்லாம் மின்சாரமும் நீராவியும். நாம் மண்டபத்தில் ஸ்டீம் பாய்லர் வைத்துச் சோறு வடிக்கிறோமே, அதே வழிதான். ஆனால் சுவரோடு சுவராகப் பொருத்திய, கவிழ்த்து ஊற்றுகிற பெரிய அண்டாக்கள். காய் நறுக்க ஒரு அறை, மீனுக்கு ஒன்று, கறிக்கு ஒன்று, ரொட்டிக்கு ஒன்று. பலகைகள் நிறம் பிரித்து வைத்திருக்கிறார்கள், மீன் வெட்டிய பலகை காய்ப் பக்கம் வராது. ஒவ்வொரு தட்டும் எப்படி இருக்க வேண்டும் என்று போட்டோ எடுத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறது. எங்கள் பையன்களுக்கு எத்தனை முறை சொன்னாலும் கடைசிப் பந்தியில் பொரியல் இலையின் வேறு மூலைக்குப் போய்விடும். ஒரு போட்டோ ஒட்டினால் போதும் என்று எனக்கு இத்தனை வருடம் தோன்றவில்லை.

சுத்தம்தான் எனக்கு முக்கியம். அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் இந்தக் கப்பல்களை அந்த நாட்டு நோய்த் தடுப்புத் துறை சொல்லாமல் கொள்ளாமல் வந்து சோதித்து நூற்றுக்கு மதிப்பெண் போடுகிறது. 85-ம் அதற்குக் கீழும் வாங்கினால் தோல்வி. அந்த மதிப்பெண்ணை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், மாப்பிள்ளை போனிலேயே எடுத்துக் காட்டினார். சரியான சூட்டிலோ குளிரிலோ வைக்காத பண்டத்துக்கு நான்கு மணி நேரம்தான் கெடு, மேலே ஒரு நேரச் சீட்டு இருக்கும், தாண்டினால் கொட்டிவிடுவார்கள். சாப்பாட்டுக் கூடத்தின் வாசலிலேயே கை கழுவும் தொட்டிகள். கப்பலில் பரவுகிற வாந்திபேதிக் கிருமிக்குச் சோப்பும் தண்ணீரும்தான் சரி, கையில் தடவுகிற ஜெல் போதாது. அங்கே நின்றுகொண்டு ஒரு பெண் ஒவ்வொருவரையும் கை கழுவச் சொல்லிக்கொண்டிருந்தாள். நம்மூர் மண்டபங்களிலும் கை கழுவும் இடத்தைப் பந்திக்கு முன்னால் வைக்க வேண்டும். எல்லா இடத்திலும் சாப்பிட்ட பிறகு போகிற மூலையில்தான் வைக்கிறார்கள்.

தண்ணீர் எங்கிருந்து என்று கேட்டேன். ஆயிரம் அடி போர் போட்டும் காற்று வருகிற ஊரிலிருந்து போனவனுக்கு இந்தக் கேள்வி வராமல் இருக்குமா? கடல்நீரைக் காய்ச்சி ஆவியாக்கியும், சவ்வில் அழுத்தி வடித்தும் நல்ல தண்ணீர் ஆக்குகிறார்கள். குடித்துப் பார்த்தேன், உப்பும் இல்லை, வாசனையும் இல்லை.

ருசியைச் சொல்ல வேண்டுமே. ரொட்டி முதல் தரம். காலையில் சுட்டு எடுத்த பன்னை வெண்ணெயோடு தின்றால் வேறெதுவும் வேண்டாம். மீனும் நன்றாக இருந்தது. பஃபேயில் இருந்த இந்தியக் குழம்புகளோ நான்கு பெயரில் ஒரே கிரேவி. அரிசி நடுவில் விறைத்திருந்தது. காபி தண்ணி. சனிக்கிழமை மட்டும் என் மனைவி அசைவம் தொடமாட்டாள் என்று சொன்னதும், மேசையைக் கவனித்த கோவாக்காரப் பையன் உள்ளே சொல்லி, பட்டியலில் இல்லாத பருப்பும் சப்பாத்தியும் சூடாகக் கொண்டுவந்தான். "அம்மா, காரம் போதுமா?" என்று இந்தியில் கேட்டான், பேரன்தான் மொழிபெயர்த்தான். இவர்களுக்கு ஆறு மாதம், ஒன்பது மாதம் ஒரே ஒப்பந்தம். வாரத்தில் ஏழு நாளும் வேலை. அவனுக்குக் கணக்கில் ஏறுகிற டிப்ஸ் போக, கையிலும் தனியாகக் கொடுத்தோம். நீங்களும் கொடுங்கள்.

புதன்கிழமை ஜமைக்கா, ஃபால்மவுத் துறைமுகம். கப்பலில் விற்கிற சுற்றுலா ஆளுக்கு நூறு டாலருக்கு மேல், அதை எடுக்கவில்லை. நடந்தே ஊருக்குள் போனோம். 1769-இல் உருவான சர்க்கரைத் துறைமுகம் அது. நியூயார்க்குக்கு முன்பே எங்களுக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது என்று அங்கே பெருமையாகச் சொல்கிறார்கள். நடு ஊரில் தண்ணீர் சதுக்கம் என்றே ஓர் இடம் இருக்கிறது. அதைத் தாண்டி ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. வாசலில் நிற்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, எண்ணெயில் மஞ்சள் வேகிற வாசம். எங்கள் மஞ்சள் மண்டித் தெருவில் வளர்ந்த மூக்கு, தப்பாது.

ஆட்டுக்கறிக் குழம்பு. நம் குழம்பைவிட மஞ்சள் தூக்கல், எலும்போடு சின்னத் துண்டுகள். அந்த ஊரிலேயே விளைகிற ஒரு மிளகு போட்டிருந்தார்கள், ஆல்ஸ்பைஸ் என்பது. கிராம்பும் பட்டையும் சேர்ந்த வாசம் அதற்கு. காரத்துக்குக் குட்டிக் குடைமிளகாய் போல ஒரு மிளகாய். தொட்டுக்கொள்ள, கலலு என்று ஒரு கீரை வதக்கல். வாயில் வைத்தவுடன் என் மனைவி, "ஏனுங்க, இது நம்ம குப்பைக்கீரைங்க!" என்றாள். அதே இனம்தான். நம் வாய்க்கால் வரப்பில் தானாக முளைக்கிறது, அங்கே கட்டுக் கட்டாக விற்கிறார்கள்.

கடைக்கார அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். நான் சமையல்காரன் என்று மகள் சொன்னதும் அடுப்படிக்கே கூப்பிட்டுவிட்டார். கறிப்பொடியை முதலில் எண்ணெயில் கருகாமல் வறுத்துவிட்டுத்தான் கறியைப் போடுகிறார். எங்கே கற்றீர்கள் என்று கேட்டதற்கு, "என் பாட்டியிடம், அவர் இந்தியாக்காரி" என்றார். எந்த ஊர் என்று அவருக்குத் தெரியவில்லை. அடிமை முறை ஒழிந்த பிறகு, கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமென்று 1845-இல் தொடங்கி 36,000-க்கும் மேற்பட்டவர்களை ஒப்பந்தக் கூலிகளாக ஜமைக்காவுக்குக் கப்பலேற்றினார்கள். பெரும்பாலும் வடக்கத்தியர்கள், கல்கத்தாவில் ஏறியவர்கள். சென்னையில் ஏறியவர்களும் உண்டு. மாதக்கணக்கில் கப்பலின் அடித்தட்டில் கிடந்து வந்தவர்கள், மஞ்சளை விடவில்லை. கவுந்தப்பாடிப் பக்கம் ஆலைக்கொட்டாயில் கரும்புப்பால் காய்ச்சுவதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவன் நான். ஜமைக்காச் சர்க்கரைக்குப் பின்னால் இத்தனை பேர் இருந்தார்கள் என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த அம்மாவிடம் காசு கொடுத்துவிட்டு வெளியே வந்து கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. மதியம் பால்கனியில் உட்கார்ந்து அந்தக் கடலைப் பார்த்தபோது அது வேறு கடலாகத் தெரிந்தது.

வியாழன் கிராண்ட் கேமன் தீவு. அங்கே பெரிய கப்பலை நிறுத்தத் துறை கிடையாது. கடலில் நங்கூரம் போட்டுவிட்டுச் சின்னப் படகில் இறக்குகிறார்கள். மூட்டுவலிக்காரர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது. படகு ஏறி இறங்கும்போது இரண்டு பேர் கைதாங்கலாகப் பிடித்தும் என் மனைவிக்குச் சிரமம்தான். மகள் குடும்பம் மட்டும் இடுப்பளவுத் தண்ணீரில் திருக்கை மீன்களைத் தொட்டுப் பார்க்கப் போனார்கள். முன்பு மீனவர்கள் அங்கே நின்று மீன் கழுவிய கழிவுக்கு வந்து பழகியவை.

வெள்ளி மெக்சிகோவின் கோசுமெல் தீவு. சான் ஹெர்வாசியோ என்கிற, அந்த நாட்டுப் பழங்குடிகளான மாயர்களின் இடிபாடு, இஷ்செல் என்ற பெண் தெய்வத்தின் தலம், அந்தக் காலத்தில் பெண்கள் யாத்திரை வந்த இடம். வெயில் கடுமை. எனக்குப் பிடித்தது ஊருக்குள் ஒரு பெண் மக்காச்சோள ரொட்டி தட்டியதுதான். சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, தோல் நீக்கி அரைக்கிறார்கள். மிளகாயின் தாய்வீடும் அந்த நாடுதான்.

அன்று ராத்திரி வடக்குக் காற்று. கட்டில் தொட்டில் மாதிரி ஆடியது. எங்கள் அறை மேல்தளத்தில், முன்பக்கம். அதுதான் தப்பு. கீழ்த்தளத்தில் கப்பலின் நடுப்பகுதியில் எடுத்திருந்தால் ஆட்டம் குறைவு. சுக்கை வாயில் அடக்கிக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தோம்.

குறை ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கடைசி இரவு கணக்கைப் பார்த்தால், நாங்கள் வாங்காத இரண்டு காக்டெயிலுக்கும் ஒரு போட்டோவுக்கும் பணம் ஏறியிருக்கிறது. வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றுதான் நீக்க முடிந்தது. அறை டிவியிலேயே தினமும் கணக்கைப் பார்க்கலாம், பார்த்துவிடுங்கள். எங்கு திரும்பினாலும் நகை, கடிகாரம், படம் என்று விற்பதும் எனக்கு அலுப்பாக இருந்தது.

ஒரு நாட்டை முழுசாகப் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு இது உதவாது. ஒரு ஊரில் ஏழு எட்டு மணி நேரம், அவ்வளவுதான். நடக்கச் சிரமப்படுகிற பெரியவர்களும் குழந்தையும் சேர்ந்த குடும்பத்துக்கு இதைவிடச் சுலபமான பயணம் எனக்குத் தெரியவில்லை. ஒரே அறை, ஒரே பெட்டி, ஊர்கள் நம்மிடம் வருகின்றன. நாங்கள் ஒரு போனுக்கு மட்டும்தான் இன்டர்நெட் எடுத்தோம். அதனால் ஏழு ராத்திரியும் ஐந்து பேரும் ஒரே மேசையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து சாப்பிட்டோம். என் மகள் கல்யாணத்தில்கூட நான் கடைசிப் பந்தியில்தான் உட்கார்ந்தேன், அதுவும் பாதியில் எழுந்து சாம்பார் பார்க்கப் போனேன். இங்கே, "அப்புச்சி, உட்காருங்க, அவங்க கொண்டுவருவாங்க" என்று பேரன் கையைப் பிடித்து உட்கார வைத்தான். அந்த 2,300 டாலரை நான் இதற்குக் கொடுத்ததாகத்தான் நினைக்கிறேன்.

ஞாயிறு காலை மயாமியில் ரசீதைக் காட்டி ரைஸ் குக்கரைத் திரும்ப வாங்கினோம். ஆர்லாண்டோ வீட்டுக்குள் நுழைந்ததும் கைகால் கழுவிவிட்டு என் மனைவி அதில்தான் அரிசியும் பருப்பும் வைத்தாள். நெய் ஊற்றி, கப்பலில் பிரிக்காமல் திரும்பி வந்த ஊறுகாயோடு, மாப்பிள்ளை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார்.