சேலத்தில் நம்ம ஊர் காரத்தோடு பர்கர் வேண்டுமா, கோரிமேடு பக்கம் போங்கள்

சேலத்தில் பர்கர் கடைக்குப் பஞ்சமில்லை. ஐந்து ரோடு, சாரதா காலேஜ் ரோடு, ஃபேர்லேண்ட்ஸ் என்று எல்லாப் பக்கமும் வந்துவிட்டது, எல்லாக் கடையிலும் 'ஸ்பைசி' என்று ஒரு வகையும் வைத்திருக்கிறார்கள். கடித்துப் பார்த்தால் காரம் கறியில் இருக்காது, மேலே பிழிந்த சாஸில்தான் இருக்கும். ஒரு புதுக் கடையில் 'செட்டிநாடு பர்கர்' என்று போட்டிருந்ததைப் பார்த்து ஆசையாக வாங்கினேன். தித்திப்பான மயோனைஸில் மிளகாய்த்தூளைக் கலந்து, ஃப்ரீசரில் இருந்த கட்லெட் மேல் தடவிக் கொடுத்தார்கள். காசு போனதைவிட அந்தப் பெயரை இப்படிக் கெடுக்கிறார்களே என்றுதான் கோபம் வந்தது.

நான் சொல்ல வந்தது வேறு கடை. அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காடு போகிற ரோட்டில், கோரிமேடு வருவதற்குக் கொஞ்சம் முன்னால், சாயங்காலத்தில் மட்டும் நிற்கும் தள்ளுவண்டி. போர்டு கிடையாது. வண்டியின் ஒரு பக்கம் தட்டுவடை செட் (இரண்டு தட்டைக்கு நடுவில் சட்னியும் துருவிய காயும் வைத்துத் தருகிற சேலத்துப் பண்டம்), இன்னொரு பக்கம் தோசைக்கல். நடத்துகிற அக்காவுக்குப் பள்ளிபாளையம் சொந்த ஊர், அதனால் பன்னுக்குள் போவதும் பள்ளிபாளையம் சிக்கன்தான். அந்தக் கறிக்கு மசாலாத்தூள் எதுவும் தேவையில்லை. வரமிளகாயைக் கிள்ளி விதையை உதறிவிட்டு எண்ணெயில் போட்டு, சின்ன வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை, கொஞ்சம் மஞ்சள், பொடியாக நறுக்கிய கோழி, கடைசியில் தேங்காய்ச் சில்லு, அவ்வளவுதான். கோழி விடுகிற தண்ணீரிலேயே வெந்து, அது வற்றி எண்ணெய் பிரியும்போது மிளகாயின் காரம் கறிக்குள் இறங்கியிருக்கும், நாக்கைச் சுடாமல் கடைசி வாய் வரைக்கும் கூடவே வரும்.

அதை அப்படியே கல்லில் கொட்டிக் கொத்துபரோட்டா மாதிரி கொத்துகிறார். பன்னை இரண்டாகப் பிளந்து, வெட்டிய பக்கத்தை அந்த எண்ணெயிலேயே கவிழ்த்து அழுத்துகிறார், எடுக்கும்போது ஓரமெல்லாம் சிவந்து மொறுமொறுவென்று இருக்கும். அப்புறம்தான் சேலத்து வேலை. கீழே பூண்டு மிளகாய்ச் சட்னி, நடுவில் கறி, மேலே செட்டுக்குத் துருவி வைத்த பீட்ரூட், கேரட், பொடி வெங்காயம், அதற்கும் மேல் ஒரு முழுத் தட்டுவடை. பன் மெத்தென்று அமுங்குகிறது, தட்டுவடை நொறுங்குகிறது, தேங்காய்ச் சில்லு இடையிடையே பல்லில் படுகிறது. எந்தப் பெரிய கடையிலும் இந்தக் கடி கிடைக்காது என்று தைரியமாகச் சொல்வேன். விலை 90 ரூபாய்.

மயோனைஸ் வேண்டுமா என்று கேட்பார், "வேண்டாங்க்கா, சட்னியே போதும்" என்று சொல்லிவிடுங்கள். 2025 ஏப்ரலில் பச்சை முட்டை மயோனைஸுக்கு அரசு ஓராண்டுத் தடை போட்டதிலிருந்து நிறையக் கடைகளில் முட்டையில்லாத மயோனைஸ்தான், அதில் இனிப்பு தூக்கலாக இருக்கிறது. இந்தக் கறிக்கு அது சேரவே சேராது.

குறையும் உண்டு. பார்சல் வாங்கினால் வீடு போய்ச் சேர்வதற்குள் தட்டுவடை நமுத்துவிடுகிறது, அதை மட்டும் தனியாகக் கட்டித் தரச் சொல்ல வேண்டும். உட்கார இடமில்லை, நின்றுதான் சாப்பிட வேண்டும். சைவத்துக்கு உருளைக்கிழங்கு வைத்துத் தருகிறார், சுமார்தான், அதற்குப் பதில் பூண்டுச் சட்னி வைத்த தட்டுவடை செட்டே சாப்பிடலாம். இருட்டிக் கொஞ்ச நேரத்தில் கறி தீர்ந்துவிடும்.

அதே ரோட்டில் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு போனால் காரம் வேறு. காபித் தோட்டங்களில் சில்வர் ஓக் மரத்தைச் சுற்றி மிளகுக்கொடி ஏறியிருக்கிற ஊர் அது, ஆனாலும் ஏரிப் பக்கத்துக் கடைகளில் பர்கர் கேட்டால் அந்த ஃப்ரீசர் கட்லெட்தான் வருகிறது. அங்கே அதைக் கேட்காதீர்கள். ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்கிற இடத்துப் பக்கம் பிரெட் ஆம்லெட் போடுகிற சின்னக் கடைகளில் பிரெட்டுக்குப் பதில் பன், டபுள் ஆம்லெட், சின்ன வெங்காயம், மிளகு தூக்கலாக என்று சொன்னால் போட்டுக் கொடுப்பார்கள். பனி இறங்குகிற நேரத்தில் அந்த மிளகு தொண்டையில் மெதுவாக ஏறுவது தனிச் சுகம். மிளகை அப்போதே இடித்துப் போடச் சொல்லுங்கள், தூள் டப்பாவை எடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.