‘இலவசத் திறன் பயிற்சி’ என்று அழைத்தால், கைரேகை வைப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

நான் திருநெல்வேலி மாவட்டத்தில் முக்கூடல் பக்கத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிறகு நான்கு ஆண்டுகள் அம்மாவோடு திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றினேன். சென்ற ஆண்டு, அரசுத் திட்டத்தின் கீழ் நடப்பதாகச் சொல்லப்பட்ட ஒரு தனியார் பயிற்சி மையத்தில் சேர்ந்து மூன்று மாதங்களையும் 2,000 ரூபாயையும் இழந்தேன். அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று பின்னால்தான் தெரியவந்தது. புகார் விசாரணையில் இருப்பதால் மையத்தின் பெயரை எழுதவில்லை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இன்னும் அதே போன்ற மையங்களில் சேர்ந்துகொண்டிருப்பதால், நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

திட்டங்களின் மீது எனக்கு வெறுப்பு இல்லை. தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம் நடத்தும் குறுகிய காலப் பயிற்சிகள், ஊரக ஏழை இளைஞர்களுக்காக 2014-இல் தொடங்கிய தீன்தயாள் உபாத்யாய திட்டம், 2015-இல் வந்த பிரதம மந்திரி கௌசல் விகாஸ் திட்டம், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்காகத் தாட்கோ வழங்கும் பயிற்சிகள் எல்லாமே, கையில் காசில்லாதவர்களும் ஒரு தொழில் கற்று வெளியே வரவேண்டும் என்பதற்காக ஏற்பட்டவை. எங்கள் ஊரிலேயே அப்படிப் படித்து நல்ல வேலையில் இருப்பவர்கள் உண்டு. ஆனால் இந்தப் பயிற்சிகளைப் பெரும்பாலும் தனியார் மையங்களே நடத்துகின்றன. பயிற்சி பெறுபவர்களின் தலைக்கணக்கை வைத்து, வருகைப் பதிவு, தேர்வு, வேலைவாய்ப்பு என்று படிப்படியாக அந்த மையங்களுக்கு அரசுப் பணம் போகிறது. இது தெரியாமல்தான் நான் போனேன்.

மகளிர் குழுக் கூட்டத்துக்கு வந்த ஓர் அக்கா, “சும்மா வந்து பேரைக் குடு தங்கச்சி, மூணு மாசத்துல ஆஸ்பத்திரி வேலை” என்றார். பயிற்சியின் பெயர் ஜெனரல் டூட்டி அசிஸ்டெண்ட். நோயாளிகளைப் படுக்கையில் திருப்பிப் போடுவது, காய்ச்சல், ரத்த அழுத்தம் பார்த்துக் குறிப்பது, செவிலியர்களுக்கு உதவுவது போன்றவற்றைச் சொல்லித்தருவது. அம்மாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. முதல் நாளே சீருடைக்கும் தேர்வுக்கும் என்று 2,000 ரூபாய் கேட்டார்கள். சான்றிதழ் கொடுக்கும்போது திரும்பத் தந்துவிடுவோம் என்றார்கள். ரசீது கேட்டதற்கு, “திரும்பத் தரப்போற பணத்துக்கு எதுக்கும்மா ரசீது?” என்று பதில் வந்தது. சரிபார்ப்பதற்கென்று பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு அசல் மதிப்பெண் சான்றிதழ்களையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். இலவசப் பயிற்சியில் கட்டணம் என்ற பேச்சே வரக்கூடாது என்பதும், சரிபார்த்த அசலை அங்கேயே திருப்பி வாங்க வேண்டும் என்பதும் அன்று எனக்குத் தெரியாது.

வகுப்பு ஒரு கட்டடத்தின் மாடியில் நடந்தது. பட்டியலில் முப்பது பேர். நாள்தோறும் வந்தவர்கள் பதினெட்டுப் பேருக்கு மேல் இல்லை. காலையில் ஆதார் எண்ணை அழுத்திக் கைரேகை வைப்போம், மாலையில் மீண்டும் வைப்போம். அந்த இரண்டு ரேகைகளுக்கும் இடையில் என்ன கற்றோம் என்று கேட்டால், கைப்பேசியில் ஓடிய காணொளிகளைத் தவிர சொல்வதற்கு அதிகம் இல்லை. பயிற்றுநர் மேடம் மூன்றாவது வாரத்தோடு வேலையை விட்டுப் போய்விட்டார். அவருக்கு நான்கு மாதச் சம்பளம் பாக்கி என்று பிறகு அவரே சொன்னார். அறையின் மூலையில், நோயாளிக்குப் பதிலாக வைத்துப் பழகுவதற்கான ஒரு முழு உருவ பொம்மை பாலிதீன் உறை பிரிக்காமல் நின்றது. ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்றே ஒன்று. அதன் ரப்பர்க் குமிழில் ஓட்டை இருந்ததால் எவ்வளவு அழுத்தினாலும் காற்று நிற்காது. ஆய்வுக்கு அதிகாரிகள் வந்த அன்று மட்டும் உறையைப் பிரித்து, பொம்மையைக் கட்டிலில் கிடத்தி, கையில் கட்டுப் போட்டுப் படம் எடுத்தார்கள். அன்றைக்குத் தையல் வகுப்புப் பிள்ளைகளையும் எங்களோடு உட்காரவைத்தார்கள். கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று எங்களுக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தது. அதை அப்படியே ஒப்பித்த குற்றவுணர்வு இன்னும் என்னிடம் இருக்கிறது.

தேர்வு முடிந்ததும் கோயம்புத்தூரில் மருத்துவமனை வேலை என்று ஒன்பது பேரைப் பேருந்தில் ஏற்றினார்கள். போய்ச் சேர்ந்தபோது அது மருத்துவமனைதான். ஆனால் எங்களை வேலைக்கு எடுத்தது துப்புரவு ஒப்பந்தக்காரர். துப்புரவு வேலை இழிவானதல்ல, என் சித்தியும் அதைத்தான் செய்கிறார். ஆனால் அதற்கு மூன்று மாதப் பயிற்சியும் சான்றிதழும் எதற்கு? விடுதிச் செலவும் சாப்பாட்டுச் செலவும் பிடித்தது போக மாதம் கையில் நிற்பது பீடிக் கூலியைவிடக் குறைவு என்று தெரிந்து, பத்தொன்பதாம் நாள் ஊர் திரும்பினேன். போய் இறங்கிய அன்றே பணி நியமனக் கடிதத்தைக் கையில் கொடுத்துப் படம் எடுத்துவிட்டு, கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும்.

அந்தப் படம் எதற்கென்பது பிறகுதான் புரிந்தது. இரண்டு மாதம் கழித்து வேறொரு நல்ல மையத்தில் சேர விண்ணப்பித்தபோது, என் ஆதார் எண்ணில் பயிற்சி முடித்துச் சான்றிதழ் பெற்று வேலையிலும் இருப்பதாகப் பதிவு இருக்கிறது, இப்போதைக்குச் சேர்க்க முடியாது என்று சொன்னார்கள். எனக்குக் கற்றுத்தராத பாடமும், நான் பார்க்காத வேலையும், என் கையில் வந்து சேராத சான்றிதழும் கணக்கில் என் பெயரிலேயே ஏறியிருந்தன. ஏழைப் பிள்ளைக்கென்று அரசு வைத்த ஒரே இடத்தை நான் உட்காராமலேயே நிரப்பிவிட்டார்கள்.

புகார் எழுத உட்கார்ந்தபோது என்னிடம் ஒரு தாளும் இல்லை. அம்மா தன் பீடிப் பாஸ் புத்தகத்தை எடுத்து முன்னால் போட்டார். எத்தனை கிலோ இலை, எவ்வளவு தூள், எத்தனை பீடி கொடுத்தோம், எவ்வளவு கழிவு என்று தேதிவாரியாக எல்லாம் அதில் இருந்தது. “ஏட்டி, நூல் வரைக்கும் கணக்கு எழுதுதோம். மூணு மாசம் படிச்சதுக்கு உங்கிட்ட ஒரு துண்டுச் சீட்டு இல்லையா?” என்றார். அதற்குப் பிறகுதான், கூடப் படித்தவர்களின் கைப்பேசிகளில் இருந்த படங்கள், குறுஞ்செய்திகள், பணம் அனுப்பிய விவரம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்தேன்.

சேரப்போகிறவர்கள் முதல் நாளே திட்டத்தின் பெயர், பயிற்சித் தொகுதியின் எண், மொத்தப் பயிற்சி நேரம் ஆகியவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த மையத்துக்கு உண்மையில் அனுமதி இருக்கிறதா என்று மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் விசாரியுங்கள். நடக்காத வகுப்புக்குக் கைரேகை வைக்காதீர்கள். கைப்பேசிக்கு வரும் ரகசிய எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள். அவசரம் இல்லாதவர்கள் பேட்டை அரசு ஐடிஐ போன்ற இடங்களையும் பாருங்கள். அங்கே ஓராண்டு, ஈராண்டு ஆகும் என்றாலும் கருவிகளைத் தொட்டுப் பழகலாம். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க மறவாதீர்கள். ஐந்து ஆண்டுகள் காத்திருந்தும் வேலை கிடைக்காத, குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மிகாதவர்களுக்கு, பன்னிரண்டாம் வகுப்பு என்றால் மாதம் 400 ரூபாய் வீதம் அரசு உதவித்தொகை தருகிறது. அதை வாங்கித் தருவதாகப் பங்கு கேட்கும் தரகர்களும் இதே வட்டாரத்தில் சுற்றுகிறார்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது, நேரில் போனால் போதும்.

கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தேன்; முதலமைச்சர் உதவி மைய எண்ணான 1100-இலும் பதிவு செய்தேன். மனு கொடுத்த பதினொன்றாம் நாள் மையத்திலிருந்து அழைத்து என் அசல் சான்றிதழ்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். பணம் வரவில்லை, ஆதார் பதிவும் மாறவில்லை. அதனால் வருகிற திங்கட்கிழமை மீண்டும் போகிறேன். இதே போல ஏமாந்தவர்கள் உங்கள் தேதிகளையும் படங்களையும் எடுத்துக்கொண்டு காலை பத்து மணிக்குள் அங்கே வந்துவிடுங்கள். மனு எழுதத் தெரியாதவர்களுக்கு நான் எழுதித் தருகிறேன்.