பச்சையா, ஆம்பரா? பழைய ஐபிஎம் பிசிக்கு எந்த மானிட்டர்?

பழைய ஐபிஎம் பிசிக்கு ஒற்றை நிற மானிட்டர் தேடினால் மூன்று பெயர்கள் அதிகம் அடிபடும்: ஐபிஎம் 5151 (பச்சை), ஆம்டெக் 310ஏ (ஆம்பர், அதாவது ஆரஞ்சு கலந்த மஞ்சள்), ஜெனித் இசட்விஎம்-121 (பச்சை). பலரும் நிறத்தைப் பார்த்துத்தான் ஆசைப்படுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது பிசிக்குள் இருக்கும் டிஸ்ப்ளே கார்டை.

எம்டிஏ (ஐபிஎம்மின் ஒற்றை நிறக் கார்டு) அல்லது ஹெர்குலிஸ் கார்டு என்றால் முதல் இரண்டில் ஒன்று. சிஜிஏ (ஐபிஎம்மின் வண்ணக் கார்டு) என்றால் ஜெனித். எம்டிஏ, சிஜிஏ இரண்டிலும் ஒரே மாதிரி 9 பின் சாக்கெட் இருப்பதுதான் வம்பு. 5151 கேட்பது 18.432 கிலோஹெர்ட்ஸ் சிக்னல், சிஜிஏ தருவது 15.7. மாற்றிச் செருகினால் மானிட்டரே போய்விடலாம்.

எழுத்து வேலைக்கு என் ஓட்டு 5151-க்குத்தான். எம்டிஏவில் ஓர் எழுத்துக்கு 9×14 புள்ளிகள், சிஜிஏவில் வெறும் 8×8. ஒரு பக்கம் படித்தாலே வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். திரை நொடிக்கு 50 முறைதான் புதுப்பிக்கப்படுகிறது, ஆனாலும் நடுக்கம் தெரியாது. அதன் பி39 பாஸ்பர் (திரையில் ஒளிரும் பூச்சு) மெல்ல அணைவதுதான் காரணம். கேம் ஆடினால் அதே குணம் எரிச்சலூட்டும். நகர்வதெல்லாம் பச்சை வாலை இழுத்துக்கொண்டே போகும். 5151-க்குத் தனி பவர் ஸ்விட்சும் கிடையாது, மின்சாரத்தைப் பிசியின் பின்புறத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும்.

எம்டிஏவில் எழுத்து மட்டும்தான் வரும், படம் வராது. 1982-இல் வந்த ஹெர்குலிஸ் கார்டு அந்தக் குறையைத் தீர்த்து, 5151-இலேயே 720×348 புள்ளிகளில் படம் வரைந்தது. அதை வடிவமைத்த வான் சுவன்னுகுல் தாய்லாந்துக்காரர். தாய் எழுத்தில் தன் ஆய்வேட்டை எழுதத்தான் அந்த வேலையில் இறங்கினார். மேலும் கீழும் குறிகள் ஏறும் எழுத்து, நமக்கும் புரிகிற தலைவலி!

ஆம்டெக் 310ஏ-யும் அதே கார்டுகளில்தான் ஓடும். ஆம்பர் கண்ணுக்கு இதம் என்று எண்பதுகளில் பெரிதாகப் பேசினார்கள். என்னைக் கேட்டால் அது அவரவர் ரசனை.

ஜெனித்தின் பலம் வேறு. காம்போசிட் (படச் சிக்னல் முழுவதும் ஒரே ஒயரில் வரும் முறை) என்பதால் ஒற்றை ஆர்சிஏ ஒயரில் ஆப்பிள் 2-உடனும் சேரும், சிஜிஏ கார்டுடனும் சேரும். சிஜிஏவில் வரிக்கு 80 எழுத்தாக வரும் வண்ண எழுத்து மட்டும் கோடுகோடாகக் கலங்கும். பிசியின் டாஸ் இயங்குதளத்தில் 'மோட் பிடபிள்யூ80' என்று அடித்தால் தெளியும்.

எதை வாங்கினாலும், அணைத்த நிலையில் பிக்சர் டியூபை வெளிச்சத்தில் சாய்வாகப் பாருங்கள். பழைய மெனு வரிகள் கறையாகப் படிந்திருந்தால் அதைத் துடைத்து எடுக்க முடியாது, விலையைத்தான் குறைத்துக் கேட்கலாம்.