காலவரிசைச் சுயவிவரமா, திறன்வாரிச் சுயவிவரமா?

கடைசியாகப் பார்த்த வேலையை முதலில் வைத்துப் பின்னோக்கிச் செல்வது காலவரிசைச் சுயவிவரம். எங்கே, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, என்ன பொறுப்பு என்பது அதில் ஒரே பார்வையில் தெரிந்துவிடுகிறது, விண்ணப்பங்களை வடிகட்டும் மென்பொருளும் அதை எளிதாகப் படித்துக்கொள்கிறது. திறன்வாரிச் சுயவிவரமோ ஆண்டுகளைப் பின்னே தள்ளி, கைவந்த வேலைகளை முன்னிறுத்துகிறது. குழந்தை வளர்ப்புக்காக 5 ஆண்டுகள் வீட்டில் இருந்துவிட்டு மீண்டும் கணக்கர் வேலை தேடும் பெண்ணுக்கு இதுவே கைகொடுக்கும் என்று பலர் சொல்வதுண்டு. ஆனால், தேதிகளே இல்லாத தாளைக் கண்டதும் எதையோ மறைக்கிறார் என்ற ஐயம் எழுந்துவிடுகிறது. மறைப்பதற்கு எதுவுமே இல்லாத ஒருவர் அந்த ஐயத்துக்கு ஆளாவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. ஆகவே நான் பரிந்துரைப்பது காலவரிசையைத்தான்: இடைவெளியை ஒரே வரியில் நேராகக் குறிப்பிட்டுவிட்டு, தாளின் தலைப்பகுதியில் நான்கு வரிகளில் திறன்களைத் தரலாம். எந்த வடிவமானாலும், “கணக்குப் பிரிவில் பணிபுரிந்தேன்” என்பதைவிட, “மாதம் 300 பில்களை டேலி கணக்கு மென்பொருளில் பதிந்து, ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி படிவத்தை 20ஆம் தேதிக்குள் தாக்கல் செய்தேன்” என்ற வரியே நேர்காணலுக்கு அழைக்க வைக்கும். தந்தை பெயர், மதம், திருமண நிலை ஆகியவை இரண்டிலுமே வேண்டாம்.