செய்தியோடைப் பட்டியல் யார் கையில்? எல்ஃபீட், நியூஸ்போட் முதல் க்னூஸ் வரை ஓர் ஒப்பீடு

பல தளங்களின் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலை 1 அன்று மூடப்பட்டது. வருடக்கணக்காகச் சேர்த்த சந்தாக்களைக் காப்பாற்றிக்கொண்டவர்கள், பட்டியலை ஓபிஎம்எல் கோப்பாக (சந்தாப் பட்டியலுக்கான பொது வடிவம்) இறக்கி வைத்தவர்களும், நேரத்தோடு வேறு சேவைக்கு மாற்றிக்கொண்டவர்களும்தான். மற்றவர்கள் முதலிலிருந்து தேடிச் சேர்க்க வேண்டியிருந்தது. அதனால் டெக்ஸ்ட் எடிட்டருக்குள் ஓடைகளை, அதாவது ஒரு தளத்தில் புதிதாக வருபவற்றைத் தொகுத்துத் தரும் ஆர்எஸ்எஸ், ஆட்டம் வடிவக் கோப்புகளை, படிக்கும் வழிகளை ஒப்பிடும்போது, திரை எவ்வளவு அழகு என்பதை நான் கடைசியில்தான் பார்ப்பேன். சந்தாப் பட்டியல் எங்கே இருக்கிறது, அந்தச் செயலி இல்லாமலே அதைத் திறந்து படிக்க முடியுமா, நினைத்தபடி பிரித்து அடுக்க முடியுமா என்பவைதான் எனக்கு முதல் கேள்விகள்.

சேலத்தில் இருப்பவருக்கு என்னென்ன ஓடைகள் தேவைப்படும் என்று பார்த்தாலே இந்தக் கேள்விகளின் கனம் புரியும். பிளாக்ஸ்பாட்டிலும் வேர்ட்பிரஸ்ஸிலும் எழுதும் தமிழ்ப் பதிவர்கள் ஒரு பக்கம். இந்த இரண்டு தளங்களிலும் ஓடை தானாகவே உண்டு. யூட்யூப் சேனல் ஒவ்வொன்றுக்கும் ஓடை இருக்கிறது. விக்கிப்பீடியாவின் அண்மைய மாற்றங்களும் ஆட்டம் வடிவில் கிடைக்கும். இவை போக, கூகுள் நியூஸில் ‘மேட்டூர் அணை’, ‘ஜவ்வரிசி விலை’, ‘ஏற்காடு காப்பி’ என்று தேடி, அந்தத் தேடலையே ஆர்எஸ்எஸ் ஓடையாக வாங்கிக்கொள்ளலாம். உள்ளூர்ச் செய்திக்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

இவற்றின் வேகம் ஒரே மாதிரி இல்லை. பதிவர் ஒருவர் மாதத்துக்கு ஒருமுறை எழுதுவார். அணைத் தேடலோ ஜூன் மாதம் பொங்கி வழியும். குறுவைக்குத் தண்ணீர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அதையொட்டி நீர்மட்டம் 120 அடியை எட்டுமா என்று எல்லா ஊடகமும் தினம் எழுதும். மே மாதம் ஏற்காடு கோடை விழா வந்தால், காப்பி விலைக்காக வைத்த தேடலில் மலர்க் கண்காட்சிப் படங்கள் வந்து குவியும். மெதுவாக வரும் நல்ல எழுத்து இந்த வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போகாமல் இருக்க வேண்டும் என்றால், பட்டியலை ஒழுங்காகப் பிரித்தே ஆக வேண்டும்.

ஈமேக்ஸ் என்ற டெக்ஸ்ட் எடிட்டரைப் பயன்படுத்துபவர் முதலில் போய்ச் சேரும் இடம், அதற்குள் ஓடும் ஓடைப் படிப்பான் எல்ஃபீட். கிறிஸ்டோபர் வெலன்ஸ் எழுதி 2013இல் வெளியிட்டது. இதில் எல்லாமே குறிச்சொல்தான். அடைவு கிடையாது, கோப்புறை கிடையாது. ஒரு பதிவு வந்தவுடன், அதன் ஓடைக்கு நீங்கள் கொடுத்த குறிச்சொற்கள் அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். தேடல் வரியில் ‘ஆறு மாதத்துக்குள், படிக்காதவை’ என்பது இயல்பான வடிகட்டி. அதோடு ஒரு கூட்டல் குறியும் ‘அணை’ என்ற குறிச்சொல்லும் சேர்த்தால் அணைச் செய்தி மட்டும் நிற்கும். கழித்தல் குறி போட்டால் அது மட்டும் மறையும். இந்த வடிகட்டிகளை ஈமேக்ஸ் புக்மார்க்காகவும் சேமித்துக்கொள்ளலாம்.

எல்ஃபீடில் பட்டியலை வைக்க இரண்டு வழிகள் உண்டு. உண்மையான போட்டி இவற்றுக்கு இடையில்தான்.

முதல் வழி, ஈமேக்ஸின் தொடக்கக் கோப்பிலேயே, அதன் நிரல்மொழியான லிஸ்ப்பில் பட்டியலாக எழுதுவது. ஒவ்வொரு முகவரியும் மேற்கோள் குறிக்குள், பக்கத்தில் குறிச்சொற்கள், சுற்றிலும் அடைப்புக்குறி. பத்துப் பன்னிரண்டு ஓடைகள் வரை இதற்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எதையும் கூடுதலாக நிறுவ வேண்டாம். ஆனால் பட்டியல் வளர வளர, ‘சேலம்’ என்ற குறிச்சொல்லை ஒவ்வொரு வரியிலும் திரும்பத் திரும்ப எழுத வேண்டும். ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனால் தொடக்கக் கோப்பே பாதியில் நின்றுவிடும். செய்தி படிக்க ஒரு முகவரி சேர்க்கப் போய், எடிட்டரே அரைகுறையாகத் திறக்கும். சந்தாப் பட்டியலையும் நிரலையும் ஒரே கோப்பில் கலப்பதில் எனக்கு உடன்பாடே இல்லை.

இரண்டாம் வழி, எல்ஃபீட்-ஆர்க் என்ற கூடுதல் தொகுப்பு. பட்டியலை ஆர்க் கோப்பில், அதாவது தலைப்பு, உட்தலைப்பு என்று அடுக்கி எழுதும் ஈமேக்ஸின் எளிய உரைக் கோப்பில், வைக்கிறது. மேலே ஒரு தலைப்பு, அதற்கு ஆங்கில எழுத்தில் ‘எல்ஃபீட்’ என்று குறிச்சொல். அதன் கீழே உள்ள தலைப்புகள்தான் ஓடைகள். இதன் பலம் முழுவதும் மரபுரிமையில் இருக்கிறது. ‘சேலம்’ என்ற தலைப்புக்கு ஒரே ஒரு முறை குறிச்சொல் கொடுத்தால், கீழே இருக்கும் அணை, ஜவ்வரிசி, வெள்ளிக் கொலுசு எல்லாவற்றுக்கும் அது தானாக இறங்கும். ‘சேலம்’ கிளைக்குள் ‘மலை’ என்று ஒரு உட்கிளை வைத்தால், ஏற்காட்டு ஓடைகளுக்கு இரண்டு குறிச்சொல்லும் கிடைக்கும். ஒரு கிளையை மொத்தமாக வேறு இடத்துக்கு நகர்த்த ஆல்ட்டும் அம்புக்குறியும் போதும். டேப் விசையை அழுத்தினால் கிளை மடங்கும். கொஞ்ச நாள் வேண்டாம் என்றால் அந்தத் தலைப்புக்குப் புறக்கணிப்புக் குறிச்சொல் போட்டால் ஆயிற்று, அழிக்கத் தேவையில்லை.

தலைப்பில் உள்ள சொல்லை வைத்துக் குறிச்சொல் போடும் விதிகளையும் அதே கோப்பில் எழுதலாம். ‘நீர்மட்டம்’ என்ற சொல் தலைப்பில் வந்தால் ‘தினசரி’ என்று குறியிடு என ஒரு வரி எழுதி, அந்தக் குறிச்சொல்லை வழக்கமான வடிகட்டியில் கழித்துவிட்டால் ஜூன் மாதத்து வெள்ளம் பாதி வடிந்துவிடும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இந்தக் குறிகள் புதிதாக வரும் பதிவுகளுக்குத்தான் ஒட்டும். ஏற்கெனவே வந்து கிடப்பவற்றுக்கும் ஒட்ட வேண்டுமானால் அதற்கென்று எல்ஃபீடில் உள்ள தனிக் கட்டளையைக் கொடுக்க வேண்டும். விதி வேலை செய்யவில்லை என்று பலர் குழம்புவது இந்த இடத்தில்தான்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஆர்க் கோப்பில் ஒவ்வொரு ஓடையின் கீழும் குறிப்பு எழுதி வைக்கலாம். யார் சொல்லிச் சேர்த்தோம், எதற்காகச் சேர்த்தோம், அந்தப் பதிவரின் எந்தத் தொடர் நன்றாக இருந்தது என்று இரண்டு வரி. வெறும் முகவரிப் பட்டியலாக இருந்தால் அடுத்த வருடம் பார்க்கும்போது பாதி ஓடைகள் யாருடையவை என்றே தெரியாது. குறிப்போடு இருந்தால் களை எடுக்க எளிது.

ஈமேக்ஸ் பக்கமே போகாமல் விம் என்ற வேறு எடிட்டரில் இருப்பவர்களுக்கு என் பரிந்துரை நியூஸ்போட். இது எடிட்டருக்குள் ஓடாது, டெர்மினல் என்ற கட்டளைத் திரையில் தனியாக ஓடும். ஆனால் பட்டியல் முழுவதும் ஒரே ஒரு எளிய உரைக் கோப்பு. வரிக்கு ஒரு முகவரி, இடைவெளி விட்டுக் குறிச்சொற்கள். உள்ளே இருந்தபடி பெரிய ‘ஈ’ விசையை அழுத்தினால் அந்தக் கோப்பு உங்கள் எடிட்டரிலேயே திறக்கும். திருத்திச் சேமித்து வெளியே வந்தால் பட்டியல் புதுப்பிக்கப்பட்டிருக்கும். நியூஸ்பியூட்டர் என்ற பழைய செயலி கைவிடப்பட்டபோது, 2017இல் அதிலிருந்து கிளைத்தது இது.

கிளை, உட்கிளை என்ற பேச்சு இதில் இல்லை. அந்த இடத்தை நிரப்புவது ‘வினவல் ஓடை’. ‘சேலம் என்ற குறிச்சொல் உள்ள, படிக்காத பதிவுகள்’ என்று ஒரு வரி எழுதினால், அது தனி ஓடை போலவே பட்டியலில் நிற்கும். விதி எழுதத் தெரிந்தவருக்கு இது மரபுரிமையைவிடக் கூர்மையான கருவி, ஏனென்றால் ஒரே பதிவு பல வினவல்களில் தோன்றலாம். வேண்டாத தலைப்புகளைத் தள்ளிவிடும் விதிகளும் உண்டு, ஆனால் அவை அமைப்புக் கோப்பில் தனியாக இருக்கும். பட்டியல் ஒரு கோப்பில், விதிகள் வேறொரு கோப்பில் என்பது எனக்குச் சற்று இடறல்தான்.

மலையில் இருப்பவருக்கு நியூஸ்போட்டின் பக்கம் தராசு நன்றாகவே சாய்கிறது. ஏற்காட்டில் காப்பித் தோட்டக் கணக்குப் பார்க்கும் என் சித்தப்பா மகனிடம் இருப்பது பழைய மடிக்கணினி. சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். எல்ஃபீட் ஓடைகளை இறக்க கர்ல் நிரலைப் பயன்படுத்தினாலும், இறக்கியதைப் பிரித்துப் படிப்பது ஈமேக்ஸுக்குள்ளேயே நடப்பதால், நிறைய ஓடைகளை ஒன்றாகப் புதுப்பிக்கும்போது எடிட்டர் திணறும். நியூஸ்போட் அப்படி இல்லை. திரையைத் திறக்காமலே புதுப்பிக்கும் கட்டளையை, குறித்த நேரங்களில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் கிரானில் போட்டுவிட்டால், சிக்னல் இருக்கும் நேரத்தில் இறக்கி வைத்துக்கொள்ளும். “எனக்கு ஒரே கோப்பு போதுங்கண்ணா, மரம் கிளையெல்லாம் தோட்டத்துலயே நெறைய இருக்கு” என்கிறான். அவன் வைத்திருக்கும் ஓடைகளின் அளவுக்கு அவன் சொல்வது சரிதான்.

இணைப்பில்லாமல் படிப்பதில் இரண்டுமே ஓடையில் வந்த உரையைச் சேமித்துத் தருகின்றன. ஆனால் ஓடை முழுக் கட்டுரையையும் தருகிறதா என்பதுதான் விஷயம். கூகுள் நியூஸ் தேடலில் வருவது தலைப்பும் இணைப்பும் மட்டுமே. பிபிசி தமிழ் ஓடையில் தலைப்போடு சுருக்கம்தான் இருக்கும். பிளாக்ஸ்பாட் பதிவர்கள் பெரும்பாலும் முழு உரையைத் தருவதால், மலைக்கு எடுத்துப்போகத் தகுந்தவை அவைதான். ‘முழுஉரை’ என்று ஒரு குறிச்சொல் வைத்துக்கொள்வது எந்தச் செயலியிலும் உதவும்.

தமிழ் எழுத்து என்று வந்தால் போட்டி ஒருதலைப்பட்சமாகிவிடுகிறது. 2020இல் வந்த ஈமேக்ஸ் 27.1 முதல் ஹார்ஃப்பஸ் எழுத்து வடிவமைப்பு இயல்பாகவே சேர்ந்து வருகிறது. கொம்பும் துணைக்காலும் அதனதன் இடத்தில் நிற்கின்றன. ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ எல்லாம் ஒழுங்காக வருகின்றன. தலைப்புப் பத்திகள் ஆங்கிலத்தைப் போல நேர்கோட்டில் நிற்காது. அதைப் பொறுத்துக்கொள்ளலாம். டெர்மினலோ கட்டத்துக்கு ஓர் எழுத்து என்ற கணக்கில் ஓடுவது. பல டெர்மினல்களில் தமிழ் உயிர்மெய் உடைந்து, கொம்பு ஒரு கட்டத்திலும் மெய் இன்னொரு கட்டத்திலும் தெரியும். சில டெர்மினல்கள் மேல், ஆனாலும் நீண்ட கட்டுரையைக் கண் வலிக்காமல் படிக்கும் அளவுக்கு இல்லை. ஆங்கில ஓடைகள் அதிகம் என்றால் இது பெரிதாகத் தெரியாது. தமிழ்ப் பதிவுகளைத்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால், இந்த ஒரு காரணத்துக்காகவே ஈமேக்ஸைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஈமேக்ஸுக்குள் இன்னும் மூன்று வழிகள் உண்டு.

நியூஸ்டிக்கர் ஈமேக்ஸோடு கூடவே வருவது, எதுவும் நிறுவ வேண்டாம். இடப்பக்கம் மரவடிவில் குழுக்கள், வலப்பக்கம் செய்தி. பார்க்க கூகுள் ரீடர் போலவே இருக்கும். பட்டியல் லிஸ்ப் மாறியில் போய்விடுகிறது என்பதுதான் குறை. கூடுதல் தொகுப்பு நிறுவ அனுமதியில்லாத அலுவலகக் கணினி என்றால் இதுவே போதும்.

க்னூஸ், மின்னஞ்சலும் செய்திக்குழுக்களும் படிக்க வந்தது. குழுப் பட்டியலில் பெரிய ‘ஜி’, பெரிய ‘ஆர்’ என்று அழுத்தினால் ஓடை ஒன்று குழுவாகச் சேரும். எந்தப் பதிவை விரும்பிப் படிக்கிறீர்கள், எதைத் தள்ளுகிறீர்கள் என்று கவனித்து மதிப்பெண் போடும் வசதி இதில் இருப்பது போல வேறு எதிலும் இல்லை. அணைச் செய்தி வெள்ளத்துக்கு அது அருமையான மருந்து. ஆனால் ஏற்கெனவே க்னூஸில் அஞ்சல் படிப்பவருக்கு மட்டுமே சொல்வேன். ஓடைக்காக மட்டும் அதைக் கற்க உட்கார்ந்தால் அதன் அமைப்புகளே முழுநேர வேலையாகிவிடும்.

ஆர்க் மோடுக்குள்ளேயே இருக்கும் ஆர்க்-ஃபீட் வேறு வகை. அது ஓடையின் ஒவ்வொரு பதிவையும் ஆர்க் கோப்பில் தலைப்பாகக் கொட்டும். படிப்பதற்கு இது சரிப்படாது. ஒவ்வொரு பதிவும் ஒரு வேலையாக மாற வேண்டிய அரிதான ஓடைகளுக்கு, உதாரணமாக நீங்கள் பயன்படுத்தும் மென்பொருளின் புதிய வெளியீட்டு அறிவிப்புகளுக்கு, கச்சிதமாகப் பொருந்தும்.

இரண்டு கணினி வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பட்டியலை கிட் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவியில் வைத்து அஸ்தம்பட்டி வீட்டுக்கும் மலைக்கும் ஒன்றாக வைத்திருக்கலாம். எதைப் படித்தோம் என்ற கணக்கு மட்டும் ஒன்றாகாது. எல்ஃபீடின் தரவுக் கோப்பும் நியூஸ்போட்டின் எஸ்கியூலைட் கோப்பும் இரண்டு இடத்தில் வளர்ந்தால் ஒன்று சேர்க்க முடியாது. கணக்கு ஒன்றாக வேண்டும் என்றால், எல்ஃபீடை ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ் போன்ற ஓடைச் சேவையகத்தோடு எல்ஃபீட்-புரோட்டோகால் என்ற தொகுப்பு வழியாக இணைக்கலாம். அப்போது பட்டியல் சேவையகத்துக்குப் போய்விடும். எனக்குப் பட்டியல் என் கையில் இருப்பதே முக்கியம் என்பதால், சில பதிவுகளை இரண்டு முறை பார்ப்பதை ஏற்றுக்கொள்கிறேன்.

ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற ஓபிஎம்எல் எல்லாருக்கும் பொதுப்பாலம். எல்ஃபீட்-ஆர்க்கில் இறக்குமதியும் ஏற்றுமதியும் உண்டு. நியூஸ்போட்டில் பழைய ஏற்றுமதி குறிச்சொற்களை விட்டுவிடும். அதன் புதிய பதிப்புகளில் உள்ள ஓபிஎம்எல் 2.0 ஏற்றுமதி அவற்றையும் சேர்த்துத் தரும். ஆர்க் கோப்பில் ஓடைகளின் கீழ் எழுதி வைத்த குறிப்புகள் ஓபிஎம்எல்லில் ஏறாது. எனவே மாறும் நாளில் ஓபிஎம்எல் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஆர்க் கோப்பையும் அழிக்காமல் அப்படியே பக்கத்தில் வைத்திருங்கள்.