எத்தனை நாளைக்கு வேணும், அம்மா?

நல்லூர்த் திருவிழாவை ஒட்டி ஆறு ஆண்டுகளுக்குப் பின் ஊருக்குப் போய் வந்தேன். தேரையும் தீர்த்தத்தையும் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். கனடா திரும்பிய பின்னும் என் மனதை விட்டு அகலாமல் நிற்பது, சுன்னாகத்தில் ஒரு பாமசியின் கண்ணாடி மேசைக்கு முன்னால் பெரியம்மாவோடு நின்ற கால் மணித்தியாலம்தான்.

பெரியம்மாவுக்கு 76 வயது. பெரியப்பா காலமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதயக் குழாயில் ஸ்டென்ற், அதாவது அடைப்பைத் திறந்து வைத்திருக்கும் சிறு வலைக்குழாய், வைத்தார்கள். அன்று அவருக்கு அரசாங்கக் கிளினிக் நாள். விடியப்புறம் போய்க் கொப்பியை அடுக்கி வைப்பதும், பெயர் கூப்பிடும்வரை வாங்கில் இருப்பதும் ஊரவர்களுக்குத் தெரிந்த கதை. வைத்தியர் பார்த்ததற்கும் இரத்தம் சோதித்ததற்கும் யாரும் ஒரு சதம் கேட்கவில்லை. சீனி வருத்தத்துக்கும் பிறஷருக்கும் கொலஸ்திரோலுக்குமான குளிசைகள் ஒரு மாதத்துக்கு இலவசமாகவே கிடைத்தன. சிறுவயதில் போத்தலைக் கழுவி எடுத்துக்கொண்டு, மிக்சர் வாங்க ஐயாவின் சைக்கிள் பாரில் இருந்து போன நாட்கள் நினைவுக்கு வந்தன. ஏழை, பணக்காரன் என்று பாராமல் மருந்து கொடுக்கும் அந்த வழக்கத்தை இத்தனை இடர்களுக்குப் பிறகும் இலங்கை கைவிடாதது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது.

ஆனால் ஸ்டென்ற் அடைபடாமல் இருப்பதற்கான குளோபிடோகிரல் மட்டும் அன்று கையிருப்பில் இல்லை. ஒரு சிறு துண்டில் அதன் பெயரை எழுதி, "இதை வெளியில வாங்குங்கோ அம்மா" என்றார்கள். கேட்டபோதுதான், நாலைந்து மாதங்களாகவே இப்படித்தான் என்று தெரிந்தது.

பாமசியில் நின்ற பிள்ளை துண்டைப் பார்த்துவிட்டு, வெவ்வேறு கொம்பனிகளின் மூன்று அட்டைகளை மேசையில் வைத்து மூன்று விலை சொன்னது. பிறகு, "எத்தனை நாளைக்கு வேணும், அம்மா?" என்று மிகவும் அன்பாகவே கேட்டது. பெரியம்மா கொஞ்சமும் யோசிக்காமல், விலை குறைந்த அட்டையைத் தொட்டு, "ஐஞ்சு நாளைக்குத் தாங்கோ பிள்ளை" என்றார். கத்தரிக்கோல் எடுத்து அட்டையை வெட்டிக் கடதாசிப் பையில் போட்டுத் தந்தார்கள். வெட்டிய துண்டில் மருந்தின் பெயரில் கடைசி நான்கு எழுத்துகள்தான் இருந்தன. காலாவதித் திகதி கடையில் நின்றுவிட்ட பாதியோடு போய்விட்டது. எங்களுக்குப் பின்னால் நின்ற ஐயா ஒருவர் மூன்று நாளைக்கு வாங்கினார்.

வீட்டுக்கு வந்து பெரியம்மாவின் பிஸ்கற் ரின்னைத் திறந்து பார்த்தேன். ஒன்றும் இரண்டுமாகக் குளிசைகள் மிஞ்சிய வெட்டுத் துண்டுகள் பல அதற்குள் கிடந்தன. "ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் ஐஞ்சு, பத்து நாளைக்குக் காணும் ராசா" என்றார். இந்தக் குளிசையைத் தவறவிட்டால் ஸ்டென்றுக்குள்ளேயே இரத்தம் கட்டிப்பட்டு மாரடைப்பு வரலாம் என்பதை அவருக்கு எப்படிப் பயமுறுத்தாமல் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஸ்காபரோவில் இருக்கும் என் அம்மாவும், பெரியம்மாவின் சொந்தத் தங்கை, இதே குளிசையைத்தான் போடுகிறார். ஒன்ராறியோவில் 65 வயதானதும் மாகாண மருந்துத் திட்டத்தில் தானாகவே சேர்ந்துவிடுவோம். சாதாரணமாக ஆண்டுக்கு முதல் 100 டொலரும், அதன் பின் ஒவ்வொரு மருந்துக்கும் 6 டொலர் 11 சதம் வரையும் நாம் கட்டவேண்டும். வருமானம் குறைந்த முதியவர்களுக்கு அந்த 100 டொலர் இல்லை, மருந்து ஒன்றுக்கு இரண்டு டொலருக்கு மேல் கேட்கமாட்டார்கள். அதையும் வாங்காத பாமசிகள் உண்டு. அங்கே யாரும் அம்மாவிடம் எத்தனை நாளைக்கு என்று கேட்பதில்லை. வைத்தியர் எழுதியது எத்தனை நாளைக்கோ, அத்தனை நாளைக்கும் கொடுக்கிறார்கள். கனடாவிலும் குறைகள் உண்டு. வேலையில் காப்புறுதி இல்லாத நாற்பது வயதுக்காரர் சீனிக் குளிசைக்குக்கூட முழு விலை கொடுக்க வேண்டியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் முதியவருக்கான உதவி அங்கே பாமசி மேசையிலேயே நிற்கிறது.

எங்கள் ஊரில் உதவி இல்லை என்று சொல்லமாட்டேன். 70 வயது கடந்த, வருமானம் குறைந்தவர்களுக்கான முதியோர் கொடுப்பனவு 2025இல் மாதம் 5,000 ரூபாயாக உயர்ந்தது; பெரியம்மாவுக்கும் அது வருகிறது. பெரிய சத்திரசிகிச்சைகளுக்கு ஜனாதிபதி நிதியத்தின் உதவியை நாட, முன்புபோலக் கொழும்புக்கு அலையாமல், 2025 பெப்ரவரி முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்க முடிகிறது. இவை நல்ல காரியங்கள். ஆனால் கையில் வரும் 5,000 ரூபாய், கரன்ற் பில்லுக்கும் அரிசிக்கும் செத்தவீட்டுக்கும் கலியாணவீட்டுக்கும் போன பிறகுதான் குளிசைக்கு வருகிறது. 2022 ஏப்ரலில் 60 மருந்துகளின் உச்ச விலையை ஒரே தடவையில் 40 வீதத்தால் உயர்த்தினார்கள். அந்த அடியிலிருந்து முதியவர்கள் இன்னும் எழும்பவில்லை.

விலை குறைந்த மருந்தை, கொம்பனி வைத்த பெயரில் இல்லாமல், மருந்தின் மூலப்பெயரில் வாங்கிக் கொடுக்கலாம் என்று உலகத்துக்கே வழிகாட்டியவர்களில் ஒருவர் இலங்கைப் பேராசிரியர் சேனக பிபிலே. அவரது முயற்சியால் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. அவர் பிறந்த நாட்டில், அரசாங்கக் கிளினிக் எழுதிய துண்டோடு வரும் 70 வயதுக்காரருக்கு, அந்தத் துண்டையே காசாக ஏற்றுக் குளிசையைக் கொடுத்துவிட்டு, கணக்கைப் பின்னர் அரசாங்கத்திடம் தீர்த்துக்கொள்ளும் ஓர் ஏற்பாடு ஏன் முடியாது என்று நான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வெளிநாட்டில் இருந்து நாங்கள் அனுப்பும் காசு இதற்கு மாற்று ஆகாது என்பதையும் இந்தப் பயணத்தில்தான் விளங்கிக்கொண்டேன்.

புறப்படுவதற்கு முதல்நாள், 14 குளிசை கொண்ட முழு அட்டைகள் ஏழு வாங்கி, காலாவதித் திகதியைச் சத்தமாக வாசித்துக் காட்டி, ரின்னுக்குள் அடுக்கி வைத்தேன். நாளுக்கு ஒன்று, தவறவே கூடாது என்றேன், தலையாட்டினார். மூன்று கிழமை கழித்துத் தொலைபேசியில் கேட்டபோது, "எல்லாம் கிடக்கு ராசா, நீ யோசிக்காதே" என்றார். பக்கத்து வீட்டுத் தம்பியிடம் சொல்லி ரின்னைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். ஆறு அட்டைகள் தொடாமலே இருந்தன. ஏழாவதில் இன்னும் நான்கு குளிசைகள் மிஞ்சியிருந்தன.